அலமாரியில் இருக்கும் மடிக்கணினியைக் கொடுங்கள்: ஈசூன் அண்டைவீட்டார் கணினிக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதிலிருந்து சிங்கப்பூரில் நம் ஈசூன் வட்டாரத்தில் பல வீடுகளில் நல்ல மடிக்கணினிகள் அலமாரிக்குள் போய்விட்டன. திரை தெளிவாக இருக்கிறது, விசைப்பலகையில் எல்லா எழுத்தும் விழுகிறது, ஆனால் விண்டோஸ் 11 மட்டும் ஏற மறுக்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், ஏறக்குறைய 2017க்குப் பிறகு வந்த செயலியும் (கணினியின் மூளையான பிராசசர்) இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அதற்கு முந்தைய இன்டெல் கோர் ஐ5 செயலி உள்ள கணினியில் கட்டுரை எழுதலாம், தமிழ் முரசு படிக்கலாம், ஊரில் இருக்கும் பாட்டியோடு காணொளியில் பேசலாம். ஒரு சராசரி வீட்டுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்தக் கணினிகளை வாங்கி, சரிசெய்து, தேவைப்படும் குடும்பங்களிடம் கொடுப்பதுதான் எங்கள் வேலை. சனிக்கிழமை பிற்பகல்களில் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு உட்காருகிறோம். பணி ஓய்வு பெற்ற தொழில்நுட்பர்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் சேர்ந்த சிறிய குழு இது. யாருக்கும் சம்பளம் இல்லை.

கணினி யாருக்குப் போகிறது என்று கேட்பீர்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பள்ளி வழியாகவே தனிக் கற்றல் சாதனம் கிடைக்கிறது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. அம்மாவின் கைப்பேசியில் இரண்டு பிள்ளைகள் முறைவைத்து வீட்டுப்பாடம் செய்யும் வீடுகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்க மானியத்தில் மடிக்கணினி பெற வழி உண்டு. தகுதி உள்ளவர்களை முதலில் அங்கே விண்ணப்பிக்கச் சொல்லி, படிவம் நிரப்பவும் கூட இருந்து உதவுகிறோம். அந்த வரம்புக்குள் வராதவர்களுக்கும், முதன்முதலாகக் கணினியைத் தொடும் மூத்தோருக்கும்தான் எங்கள் கணினிகள்.

1990களில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி இதே சிங்கப்பூரில் தமிழ் எழுத்துருக்களை உருவாக்கி, தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றினார். 1997இல் தமிழ் இணைய மாநாடும் இங்கேதான் கூடியது. அன்று மேசைமேல் இருந்த கணினிகளின் நினைவகம் மெகாபைட் கணக்கில்தான் இருந்தது. உங்கள் அலமாரியில் தூங்கும் நான்கு கிகாபைட் கணினியின் நினைவகம் அதைப் போல நூறு மடங்குக்கும் மேல். அவ்வளவு சிறிய இயந்திரங்களை வைத்துத் தமிழை உலகத்துக்குக் கொண்டுபோன ஊரில், பெரியவர் ஒருவர் தமிழில் ஒரு கடிதம் தட்டச்சு செய்யப் புதுக் கணினி வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதை எங்களால் ஏற்க முடியவில்லை.

வேலை என்று பார்த்தால் பெரும்பாலும் எளியதுதான். பழைய சுழலும் வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம்) போட்டாலே ஆள் மாறிவிடும்: நிமிடக்கணக்கில் திறந்த கணினி சில நொடிகளில் திறக்கும். நினைவகத்தை நான்கிலிருந்து எட்டு கிகாபைட்டாக உயர்த்துவோம். விசிறியில் அடைத்த தூசியைத் துடைத்து, செயலிக்குப் புதிதாக வெப்பப் பசை தடவுவோம். அப்புறம் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நிறுவுவோம். அது இலவசம், அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். கடிதம், கணக்கு எழுத உதவும் லிப்ரெஆஃபீஸ் மென்பொருளும், தமிழில் தட்டச்சு செய்வதற்கான தமிழ் 99 விசைப்பலகை முறையும் சேர்த்தே கொடுக்கிறோம். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்துப் பழகியவர்களுக்கு அந்த முறையும் உண்டு. எல்லாவற்றுக்கும் இது ஈடாகாது. புது விளையாட்டுகளோ கனமான காணொளித் தொகுப்போ இதில் ஓடாது. வாங்குபவர்களிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இங்கே ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். 2021 ஜூலை முதல் அதைத் திரட்டும் பொறுப்பு உற்பத்தியாளர்களிடம் வந்திருக்கிறது, நல்லது. ஆனாலும் மறுசுழற்சி என்பது கணினியை உடைத்து உலோகம் எடுப்பது. ஒரு மடிக்கணினியால் வரும் கரிம வெளியேற்றத்தில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே வந்துவிடுகிறது. ஓடும் கணினியை இன்னும் ஐந்து ஆண்டு ஓட வைத்தால் அந்த ஐந்து ஆண்டும் லாபம். சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்படும்வரை பழைய பொருளுக்கு அங்கே ஓர் இடம் இருந்தது. இன்று அப்படி ஓர் இடம் நம் அக்கம்பக்கத்தில் வேண்டும்.

இப்போது பணம். எஸ்எஸ்டி, நினைவகம், சில கணினிகளுக்கு மின்கலம் அல்லது சார்ஜர் என்று ஒரு கணினிக்குச் சராசரியாக 80 வெள்ளி ஒதுக்குகிறோம். இந்த ஆண்டு 50 கணினிகளை முடிக்க 4,000 வெள்ளி வேண்டும். ஐந்து வெள்ளி கொடுத்தாலும் மகிழ்ச்சிதான். வாங்கும் பாகங்களின் ரசீதுகளை மாதந்தோறும் மேசையிலேயே வைப்போம், யாரும் புரட்டிப் பார்க்கலாம். எங்கள் குழுவுக்கு வரிவிலக்குத் தகுதி இல்லை. அந்த எண்ணத்தோடு கொடுக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும். பணத்தை மேசையில் நேரில் மட்டுமே வாங்குகிறோம். எங்கள் பெயரைச் சொல்லி வாட்ஸ்அப்பில் இணைப்போ, பணம் அனுப்பும் பேநவ் சேவைக்கான எண்ணோ வந்தால் தயவுசெய்து பணம் அனுப்பாதீர்கள்.

கணினி கொடுப்பவர்கள் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். சேமிப்பகத்தில் இருப்பதை உங்கள் கண்முன்னே அழிக்கத் தொடங்குவோம். அதை எங்களிடம் விட விருப்பமில்லை என்றால் கழற்றி உங்கள் கையிலேயே தந்துவிடுகிறோம். 64 பிட் செயலி இல்லாத மிகப் பழைய கணினிகளை எங்களால் எடுக்க முடியாது. மின்கலம் உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், பையில் திணித்துத் தூக்கி வரவும் வேண்டாம். முதலில் வந்து சொல்லுங்கள், எப்படி அப்புறப்படுத்துவது என்று விளக்குகிறோம். சார்ஜர் இருந்தால் மறக்காமல் எடுத்து வாருங்கள், அதற்குத்தான் எங்களிடம் எப்போதும் தட்டுப்பாடு.

நன்றியுடன்,
குழுவினர்