பழுப்பேறி வந்த 6-ஹைட்ராக்ஸிடோபமைன் குறித்து

அனுப்புநர்: ஆராய்ச்சி மாணவி, உடலியங்கியல் துறை
பெறுநர்: விற்பனை மேலாளர், ஆய்வக வேதிப்பொருள் விநியோக நிறுவனம்

பொருள்: கெட்டுப்போன குப்பிக்கு மாற்று கோருதல்

ஐயா,

6-ஹைட்ராக்ஸிடோபமைன் என்பது, எலி மூளையில் டோபமைன் என்ற வேதித்தூதுப் பொருளைச் சுரக்கும் செல்களை அழித்து, பார்க்கின்சன் நோய் போன்ற நிலையை உண்டாக்க நாங்கள் வாங்கும் நச்சு. அதை நீங்கள் அனுப்பிய தெர்மாகோல் பெட்டியைத் திறந்தபோது ஜெல் பைகள் முழுக்க உருகி வெதுவெதுப்பாகக் கிடந்தன. வெள்ளையாக இருக்க வேண்டிய தூள், குப்பியின் ஓரங்களில் செம்பழுப்பாகக் கட்டிதட்டியிருந்தது. படம் எடுத்து அனுப்பினோம். "நிறம் மாறினால் பரவாயில்லை மேடம், போட்டுப் பாருங்கள்" என்றார் உங்கள் பிரதிநிதி. அந்தப் பதிலுக்காகத்தான் இந்தக் கடிதம்.

இது காற்றும் வெளிச்சமும் பட்டாலே ஆக்சிஜனேற்றமாகும் பொருள். கரைக்கும்போதுகூட அஸ்கார்பிக் அமிலம் சேர்த்து, ஐஸில் வைத்து, குழாயை அலுமினியத் தாளால் சுற்றுகிறோம். ரத்தத்தில் செலுத்தினால் மூளைக்குள் போகாது. எனவே எலிக்கு மயக்கம் கொடுத்து, மண்டையோட்டில் துளையிட்டு, மூளையின் ஒரு பக்கத்தில் நேரடியாகச் செலுத்த வேண்டும். வீரியம் போன மருந்தென்றால் டோபமைன் செல்கள் அரைகுறையாகத்தான் அழியும். பிறகு டோபமைன் போலவே செயல்படும் அபோமார்ஃபின் மருந்தைக் கொடுத்தாலும் எலி, நச்சு செலுத்திய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றாது. டோபமைனில் பெரும்பகுதி போனால்தான் சுற்றும். அது தெரியவே இரண்டு மூன்று வாரம் ஆகும்.

மறுபடி அறுவை செய்யலாமே என்பீர்கள். முடியாது. நாங்கள் அளப்பது பால் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான புரோலாக்டினையும், மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிகோஸ்டீரோனையும். புரோலாக்டின் சுரப்பை அடக்கி வைப்பது மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமசிலிருந்து வரும் டோபமைன். நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நிக்ரா என்ற பகுதியின் டோபமைன் செல்கள் அழிந்தால் அந்த அடக்கம் என்னாகிறது என்பதே எங்கள் கேள்வி. இரண்டாவது அறுவையின் அதிர்ச்சியே இரு ஹார்மோன்களையும் ஏற்றிவிடும். ஏறியது நோயாலா, கத்தியாலா என்று யார் பிரித்துச் சொல்வது? (இனப்பெருக்கச் சுழற்சிக்கேற்பப் புரோலாக்டின் ஏறி இறங்கும் என்பதால் பெண் எலிகளையே இந்த ஆய்வில் தவிர்த்திருக்கிறோம்.)

எத்தனை எலி என்று விலங்கு நெறிமுறைக் குழுவிடம் கணக்குச் சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறோம். போட்டுப் பார்ப்பதற்கு என்று அதில் ஒன்றுகூட இல்லை. அறுவை தள்ளிப்போனதில் எலிகள் எடை கூடிவிட்டன. மூளையில் ஊசி இறக்க வேண்டிய இடத்துக்கான தூர அளவுகள் இனி அவற்றுக்குப் பொருந்தா. அந்த இழப்பை நீங்கள் ஈடுகட்ட முடியாது என்பது தெரியும்.

வேறு தயாரிப்புத் தொகுதியிலிருந்து (லாட்) புதிய குப்பியை டிரை ஐஸில், வெப்பநிலைப் பதிவுக் கருவியும் பகுப்பாய்வுச் சான்றிதழும் வைத்து, உங்கள் செலவில் அனுப்புங்கள். இல்லையேல் பில் தொகை முழுவதையும் திருப்பித் தாருங்கள். பழைய குப்பி திறக்கப்படாமல் எங்கள் ஃப்ரீசரில் இருக்கிறது, ஆளனுப்பி எடுத்துக்கொள்ளலாம். 15 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், விற்பனையாளர் பட்டியலிலிருந்து உங்களை நீக்கும்படி கொள்முதல் பிரிவுக்குத் துறைத் தலைவர் எழுதுவார்.

இப்படிக்கு,
ஆராய்ச்சி மாணவி