அந்த டீஃபால்ட் குரூப்பை எதோடயாவது கனெக்ட் பண்ணுங்க: இன்டக்ரேஷன் டீமுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

போன மாச விவகாரம் உங்க எல்லாருக்கும் தெரியும், மெயில்ல சிசில இருந்தீங்க, அதனால முழுசா சொல்லல. ராத்திரி வர்ற இன்வாய்ஸ் ஃபைலை உங்க இன்ஃபர்மாட்டிகா (டேட்டாவை இடம் மாத்தற சாஃப்ட்வேர்) ஜாப்ல ரோவைப் பிரிக்கற ரவுட்டர், ஜிஎஸ்டி ஸ்டேட் கோடு பாத்து பிரிச்சு ஸ்டேட்டுக்கு ஒரு ஃபைலா போடுது, அதை வெச்சுத்தான் நாங்க ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனையைக் காட்டற ஜிஎஸ்டி ரிட்டர்ன், ரெடி பண்றோம். 33 தமிழ்நாடு வந்துச்சு, 29 கர்நாடகா வந்துச்சு. 07 டெல்லி ஃபைலைத் திறந்தா ஹெட்டர் மட்டும் இருக்கு, கீழ ஒரு ரோ இல்ல. ராஜஸ்தானும் உ.பி.யும் அப்படியே. ஜாப் மட்டும் ஜம்முனு பச்சைல சக்சீடட்.

யாரோ அந்த இன்வாய்ஸ் சிஎஸ்வி ஃபைலை எக்ஸெல்ல திறந்து சேவ் பண்ணிருக்காங்க, முன்னாடி இருந்த சைபர் போயி 07 வெறும் 7 ஆயிடுச்சு, கண்டிஷன்ல மாட்டாத ரோ எல்லாம் டீஃபால்ட் குரூப்புக்குப் போச்சு, அந்த குரூப்பை நீங்க எதோடயும் கனெக்ட் பண்ணல. இன்ஃபர்மாட்டிகால அப்படி விட்டா எரரே வராது, ரோ சத்தமில்லாம காணாமப் போயிடும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? மைக்ரோசாஃப்டோட எஸ்எஸ்ஐஎஸ்ல இதே மாதிரி ரோவைப் பிரிக்கற கண்டிஷனல் ஸ்ப்ளிட்ல, கண்டிஷனோட விடை NULL-ன்னு (மதிப்பே இல்லாம) வந்தா ஜாபையே நிறுத்தி கத்தும், அந்தக் கத்தல் எவ்வளவோ தேவலாம்.

11ஆம் தேதி கடைசி நாள். 10ஆம் தேதி ராத்திரி டெல்லி பிராஞ்ச் அக்கவுண்டன்ட் போன்ல ஒவ்வொரு இன்வாய்ஸ் நம்பரா வாசிக்கறாரு, நான் இங்க சோர்ஸ் ஃபைல்ல தேடி டிக் அடிக்கறேன். ஹிந்தில 49க்கும் 59க்கும் உள்ள வித்தியாசத்தை ராத்திரி ஒரு மணிக்கு போன்ல கேட்டுப் பாருங்க, அப்ப தெரியும். அவரு பாவம், ஒரு தடவைகூட சலிச்சுக்கல.

டிக்கெட்டை நீங்க "சோர்ஸ் டேட்டா பிரச்சனை"ன்னு க்ளோஸ் பண்ணிட்டீங்க. சரிங்க, தப்பான ரோ வரத்தான் செய்யும், வந்தது எங்க போச்சுன்னு காட்டணுமா வேண்டாமா? டீஃபால்ட் குரூப்பை ஒரு ரிஜெக்ட் டேபிளுக்கு அனுப்புங்க, அதுல ஒரு ரோ விழுந்தாலும் மெயில் வரட்டும். இதுக்கு நேரமில்லைன்னு சொல்றீங்க, ஆனா கம்பெனி டவுன்ஹால் மீட்டிங்ல புது டேஷ்போர்டு காட்ட நேரம் இருந்துச்சு, அதுல நம்ம ஜாப் நூறு சதவீதம் சக்சஸாம்! ரோவைத் தொலைச்சாலும் சக்சஸ்னா எங்களுக்கும் அப்படி ஒரு அப்ரைசல் குடுங்க.

மன்னிக்கணும், எங்கயோ போயிட்டேன். கேக்கறது ஒண்ணுதான், டீஃபால்ட் குரூப்பை கனெக்ட் பண்ணுங்க. கூடவே உள்ள வந்த ரோவும் வெளிய போன ரோவும் டேலி ஆகுதான்னு ஒரு செக் போட்டா இன்னும் நல்லது, ஆனா ரெண்டு கண்டிஷனுக்கும் பொருந்தற ரோவை ரவுட்டர் ரெண்டு பக்கமும் அனுப்பும், எஸ்இஇசட் (சிறப்புப் பொருளாதார மண்டலம்) ரோ ஸ்டேட் குரூப்லயும் வந்துடும், அதனால எஸ்இஇசட் குரூப்பை அந்தக் கூட்டல்ல சேக்காதீங்க.

தயவுசெஞ்சு அடுத்த 11ஆம் தேதிக்கு முன்னாடி பண்ணிக் குடுங்க. சேஞ்ச் ரிக்வெஸ்ட் ஃபார்ம் எதுன்னு சொன்னா இன்னைக்கே நிரப்பி அனுப்பறேன்.

இப்படிக்கு,
ஃபைனான்ஸ் சப்போர்ட்ல இருந்து ஒருத்தன்