மலைப் பிள்ளைகளுக்கு கார்பன் ஷூ: விலைக்கு அல்ல, இரவலுக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரி வட்டாரத்தில் இருபத்தேழு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் காலை வேளையில் காந்தி மைதானத்துக்கு வரும் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு நெடுந்தூர ஓட்டப் பயிற்சி அளித்து வருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், சிறு தேயிலை விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள். அண்மைக் காலமாக இவர்களின் பெற்றோர் என்னைக் கண்டதும் கேட்கும் முதல் கேள்வி, "மாஸ்டர், அந்த கார்பன் ஷூ வாங்கிக் கொடுத்தே ஆகணுமா?" என்பதுதான். அடிப்பாகத்துக்குள் விறைப்பான கார்பன் தகடு வைத்த ஓட்டக் காலணியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இதற்கு ஒரே வரியில் விடை சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டிய விடையில் மாவட்ட விளையாட்டு நிர்வாகம் செய்ய வேண்டிய காரியம் ஒன்றும் அடங்கியிருப்பதால் தங்கள் நாளிதழுக்கு எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு என்னிடம் பயிற்சி பெறும் பிளஸ் ஒன் மாணவி ஒருத்திக்காக அவள் தாயார் மகளிர் குழுவில் கடன் எடுத்து, இணையக் கடை ஒன்றில் 3,800 ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கினார். பெட்டியின் மேல் 'கார்பன்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். நான் அதைக் கையில் வாங்கி முனையையும் குதிகாலையும் பிடித்து வளைத்தபோது பழைய கேன்வாஸ் ஷூவைப் போல நடுவில் மடங்கியது. உண்மையான கார்பன் தகடு உள்ளே இருந்தால் ஷூ அவ்வாறு மடங்காது. உள் அட்டையைத் தூக்கிப் பார்த்தால், நகத்தால் கீறினாலே கோடு விழும் கறுப்புப் பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. மூன்றாவது மழையில் பெருவிரல் பக்கம் அடிப்பாகம் வாய் பிளந்துவிட்டது. அணிந்த பொருளைத் திரும்பப் பெற இயலாது என்று அந்தக் கடை கைவிரித்துவிட்டது. வீட்டில் சொன்னால் அம்மா வருந்துவார் என்று அந்தப் பெண் இரண்டு வாரம் அந்த ஷூவிலேயே ஓடியிருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

இந்தக் காலணிகளின் பலன் கட்டுக்கதையல்ல. நைக்கி நிறுவனம் வேப்பர்ஃபிளை என்ற காலணியை வெளியிட்ட 2017-இல், அதை அணிந்தவர்களுக்கு அதே வேகத்தில் ஓடச் செலவாகும் ஆற்றல் சராசரியாக 4 விழுக்காடு குறைகிறது என்று கொலராடோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு காட்டியது. அந்த ஆய்வுக்கு நிறுவனமே நிதி அளித்திருந்தாலும், பின்னர் வேறு ஆய்வுக்கூடங்களும் அதை ஒட்டிய அளவுகளையே கண்டன. 2019 அக்டோபரில் கென்ய ஓட்டக்காரர் கிப்சோகே வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் கடந்ததும், மறுநாளே சிகாகோவில் அதே நாட்டின் பிரிஜிட் கோஸ்கெய் பெண்களுக்கான மாரத்தான் உலக சாதனையை 2:14:04 ஆக்கியதும் இத்தகைய காலணிகளில்தான். ஆனால் பெயரில் இருக்கும் கார்பனைவிட, அடிப்பாகத்தில் மெத்தையாக இருக்கும் ஃபோம்தான் பெரும்பங்கு வேலை செய்கிறது என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும். இக்காலணிகளில் பயன்படும் பெபாக்ஸ் என்ற பிளாஸ்டிக் வகை ஃபோம் எடை மிகக் குறைந்தது. மிதித்து அமுக்கிய விசையில் பெரும்பகுதியைத் திருப்பித் தருவது. தகட்டைக் குறுக்கே அறுத்து அதன் விறைப்பைப் போக்கிய பிறகும் பலன் ஏறக்குறைய அப்படியே இருந்ததாக அமெரிக்க ஆய்வொன்று கூறுகிறது. ஆகவே மலிவான, கடினமான ஃபோமுக்குள் ஒரு தகட்டைச் செருகி விற்கும் காலணிக்குப் பணம் கொடுப்பது வீண். கடையில் கட்டைவிரலால் அடிப்பாகத்தின் பக்கவாட்டை அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போய் உடனே எழும்ப வேண்டும். வேகம் குறையக் குறையப் பலனும் குறைகிறது என்பதால், மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபவருக்கு நல்ல சாதாரண ஷூவே போதும்.

எங்கள் பிள்ளைகளுக்கு இது ஏன் தேவை என்றும் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்திலும் உதகை 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இந்த மெல்லிய காற்றில் பிள்ளைகளின் மூச்சு வலுப்பெறுகிறது. ஆனால் கீழே கோவையிலோ சென்னையிலோ ஓட வேண்டிய வேகத்தை இங்கே நீண்ட நேரம் பிடிக்க முடிவதில்லை. கால்கள் அந்த வேகத்துக்குப் பழகாமலேயே மேட்டுப்பாளையம் இறங்குகின்றன. வாரம் ஒரு நாள், ஆயிரம் மீட்டர் வீதம் ஐந்தாறு முறை விரைந்து ஓடும் பயிற்சியில் நல்ல ஃபோம் கொண்ட காலணி இருந்தால் அந்த வேகம் கால்களுக்குப் பிடிபடுகிறது என்பதை நானே பார்த்திருக்கிறேன். மேலும், போட்டிக் கோட்டில் பக்கத்தில் நிற்கும் நகரத்துப் பிள்ளை அத்தகைய காலணியுடன் நிற்கும்போது, நம் பிள்ளை தேய்ந்த கேன்வாஸுடன் நிற்பதை என்னால் இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அதே சமயம், இதை அன்றாடம் அணியும் காலணியாக்குவது ஆபத்து. குன்னூர் சாலையின் வளைவுகளிலும் தேயிலைத் தோட்டத்து இறக்கங்களிலும் உயரமான மெத்தை அடிப்பாகம் கணுக்காலைப் புரட்டிவிடும். மழைக்காலத்தில் இதன் மெல்லிய ரப்பர் வழுக்கும். கார்பன் காலணிகளில் ஓடிய ஐவருக்கு, பாதத்தின் நடுவில் உள்ள படகு வடிவ எலும்பில் அழுத்தக் காயம் ஏற்பட்டதை மருத்துவர்கள் 2023-இல் பதிவு செய்திருக்கிறார்கள். வளரும் பிள்ளைகளுக்கு இதைச் சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும்.

விதியையும் பலர் அறிந்திருக்கவில்லை. உலகத் தடகள அமைப்பின் விதிப்படி சாலைப் போட்டிகளில் அடிப்பாகத்தின் தடிமன் 40 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஓடுதளப் போட்டிகளிலோ 2024 நவம்பர் முதல் 20 மில்லிமீட்டர்தான் எல்லை. அதாவது சாலை ஓட்டத்துக்காக வாங்கிய கார்பன் ஷூவை 1,500 அல்லது 5,000 மீட்டர் ஓட்டத்தில் அணிந்தால் தகுதிநீக்கம் வரை போகலாம். அங்கே அடியில் ஆணிகள் பொருத்திய ஸ்பைக்ஸ்தான் வேண்டும். கடன் வாங்கி ஷூ எடுத்துக் கொடுத்த பெற்றோருக்கு இதைப் போட்டி நாளன்று மைதானத்தில் நின்று விளக்குவது மிகவும் கொடுமையானது.

பன்னாட்டு நிறுவனங்களின் முதல்வரிசைக் காலணிகள் 20,000 ரூபாயைத் தாண்டுகின்றன. அது ஒரு தோட்டத் தொழிலாளியின் ஒரு மாத வருமானத்தைவிட அதிகம். விளையாட்டுப் பொருள் கடையான டெகாத்லானின் சொந்தத் தயாரிப்பும், லி-நிங், எக்ஸ்டெப் போன்ற சீன நிறுவனங்களின் காலணிகளும், பெரிய நிறுவனங்களின் முந்தைய ஆண்டு மாடல்களும் அதைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. அவற்றை அணிந்து ஓடும்போது பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. 2025 செப்டம்பர் முதல் 2,500 ரூபாய் வரையிலான காலணிகளுக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடாகக் குறைந்தது நல்லதே. ஆனால் அந்த விலையில் உண்மையான கார்பன் ஷூ எதுவும் இல்லை, 18 விழுக்காடுதான் கட்ட வேண்டியிருக்கிறது. உலகச் சந்தைக்கான ஓட்டக் காலணிகள் நம் மாநிலத்தின் செய்யாறிலேயே தைக்கப்படுகின்றன என்பதை நினைக்கும்போது மனம் ஆறவில்லை.

எனவே நான் கேட்பது இதுதான். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகம் 4 முதல் 9 வரையிலான ஆறு அளவுகளில், அளவுக்கு இரண்டு ஜோடி வீதம் பன்னிரண்டு ஜோடி வாங்கி வைக்கட்டும். சராசரியாக ஜோடி பத்தாயிரம் என்றாலும் 1,20,000 ரூபாய்தான் ஆகும். பாதியை உதகை எச்.ஏ.டி.பி. மைதானத்திலும் மீதியைக் கோத்தகிரியிலும் வைத்து, வாரத்தில் ஒரு வேகப் பயிற்சிக்கும் சாலைப் போட்டிகளுக்கும் மட்டும் நூலகப் புத்தகம் போல இரவல் கொடுக்கலாம். இவ்வகை ஃபோமின் துள்ளல் ஏறத்தாழ 400 கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். ஒரு பயிற்சிக்கு எட்டு கிலோமீட்டர் என்று வைத்தால் ஐம்பது பயிற்சிகள், அதாவது ஏறக்குறைய ஓர் ஆண்டு வரும். நனைந்த ஷூவைப் பிள்ளைகள் அடுப்படியில் காய வைத்து ஒட்டுப் பசையை இளக்கிவிடுகிறார்கள். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து நிழலில் காய வைக்கும் பழக்கத்தையும் இரவல் கொடுக்கும் இடத்திலேயே கற்றுக்கொடுத்துவிடலாம்.

ஒவ்வொரு ஜோடிக்கும் எண் எழுதி, எடுத்தவர் பெயரையும் ஓடிய தூரத்தையும் குறித்துவைக்க ஒரு பதிவேடு வேண்டும். கோத்தகிரியில் அதை எழுதும் வேலையை ஊதியம் எதுவும் பெறாமல் செய்ய நான் தயாராக இருக்கிறேன். காலை ஐந்தரை மணிக்கு எப்படியும் மைதானத்தில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.