மன்னவனூர் மதினிக்கு

மதினி,

வர்ற மார்கழில அண்ணனுக்கு வருஷம் வருது. தேதி, யார் யார் வர்றாங்க, யார் செலவு, அதெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல. நான் வர்றேன். முடிவு பண்ணிட்டேன், இவர்கிட்டயும் சொல்லிட்டேன், நீங்க கூப்பிட்டாலும் கூப்பிடலன்னாலும் வர்றேன். போன்ல சொன்னா "ம்"முன்னு ஒரு சத்தம் குடுத்துட்டு வச்சிருவீங்க, அதான் இங்க எழுதுறேன். நம்ம சொந்தத்துல பாதிப் பேரு இதைப் படிப்பாங்கன்னும் தெரியும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி குரூப்ல போடுறதுக்குன்னே ஒருத்தன் உக்காந்திருக்கான் (வணக்கம்பா, நல்லாருக்கியா), அதனால அந்த விஷயத்தைப் பத்தி ஒரு வரி கூட இங்க எழுதப் போறதில்ல. எந்த விஷயம்னு உங்களுக்கும் எனக்கும் தெரியும், போதும்.

உங்களுக்கு கிளவுஸ் பின்னிட்டு இருக்கேன். வத்தலக்குண்டுல உக்காந்து. சிரிக்காதீங்க. இந்த வேக்காட்டுல ஃபேனுக்குக் கீழ கம்பளி நூலை வச்சுக்கிட்டு உக்காந்திருக்க பொம்பளை இந்த ஊர்லயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன், உள்ளங்கை வேர்த்து நூல் ஊசியில ஒட்டிக்கிட்டு நகர மாட்டேங்குது, மடியில வச்சா தொடையெல்லாம் அரிக்குது, பக்கத்து வீட்டக்கா எட்டிப் பாத்து "யாருக்கு விசேஷம்?"னு கேட்டுட்டுப் போகுது.

அஞ்சு விரல் வச்சதில்ல. கட்டைவிரல் மட்டும் தனியா, மத்த நாலும் ஒரே பைக்குள்ள, மிட்டன்னு சொல்லுவீங்களே அது. கொடைக்கானல் லேக் ரோட்டுல நான் ஆசையா வாங்கிக் குடுத்த அஞ்சு விரல் கிளவுஸைப் போட்டும் உங்க விரல் வெளுத்து, அப்பறம் நீலமா மாறி, கணப்புகிட்ட வந்ததும் செவந்து வலி எடுத்து, நீங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னதைப் பாத்தவ நான். விரல் தனித்தனியா கிடந்தா ஒவ்வொண்ணும் தன் சூட்டைத் தானே எழக்குது, ஒண்ணா கிடந்தாதான் ஒண்ணுக்கு ஒண்ணு தாங்கும்னு எனக்குச் சொன்னதே நீங்கதான். இந்த வியாதிக்கு ரேனாட்ஸ்னு டாக்டர் பேர் சொல்லி, கையில குளிர் படவே கூடாதுன்னு சொன்னப்பறமும் விடியக்காலைல காரட் கழுவப் போறதை நிறுத்தல. யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்ல. எங்கண்ணனும் சொல்லல. இதை எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன், இருக்கட்டும். தண்ணில நிக்கும்போது போட முடியாதுன்னு எனக்கும் தெரியும், கரையேறி கையைத் தொடச்சதும் போட்டுக்கங்க, வீடு வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

நூலு நெசமான கம்பளி. நம்ம ஊர்லயே 1965ல இருந்து மத்திய அரசோட செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கு, பாரத் மெரினோ ஆடு புல்வெளி பூரா மேயுது, டூரிஸ்ட் வந்து வந்து போட்டோ எடுத்துட்டுப் போறான், நமக்கு மட்டும் காலம் பூரா ஃபேன்சி ஸ்டோர் அக்ரிலிக் உருண்டைதான் வாய்ச்சுச்சு. அது நனைஞ்சா சூடும் போயிரும், நெருப்புகிட்ட கொண்டு போனா உருகிரும், அண்ணன் குல்லாவுல பொறி பட்டு ஓரம் சுருண்டுச்சே. கம்பளி அப்படியில்ல, தன் எடையில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ஈரத்தை உள்ள வாங்கிக்கிட்டும் கைக்கு ஈரமே தெரியாது. மதுரைல தேடினேன், கிடைக்கல, ஆன்லைன்ல வரவச்சேன். விலையைக் கேக்காதீங்க.

ஊசியைக் கையில எடுத்தாலே அந்த ராத்திரிதான் வருது மதினி. கரண்ட் இல்ல, வெளிய உறைபனி இறங்குது, வீடு நெறைய ஆளு. நான் மொத மொதல்ல தனியா பின்னி முடிச்ச கிளவுஸை எல்லார்கிட்டயும் காட்டிட்டு கடைசியா உங்ககிட்ட நீட்டுறேன், நீங்க போட்டுப் பாத்தீங்க, கட்டைவிரல் கவட்டுல இருந்த ஓட்டைக்குள்ள இன்னொரு கை விரலை விட்டு ஆட்டுனீங்க, ஒரு வார்த்தை சொல்லல, நுனி முடிச்சை அவுத்து ஒரே இழுப்பு. சர்ர்ருன்னு போயிருச்சு. எத்தனை ராத்திரி கண்ணு எரிய பின்னினது அது. அத்தை சிரிச்சாங்க, எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு உங்க கையைக் கடிச்சு வைக்கணும் போல இருந்துச்சு.

பிரிச்ச நூல் சுருள் சுருளா கிடக்குது, வளையமா சுத்தி சிட்டம் போட்டு வெந்நீர்ல முக்கினாதான் நேராகும், சிட்டம் போட ரெண்டு கை வேணும்னு அண்ணனைப் பிடிச்சு உக்கார வச்சீங்க. வீட்டுல கால் தரிக்காத ஆளு அது. 2019ல நம்ம மலைப்பூண்டுக்கு புவிசார் குறியீடு குடுத்தப்போ என்னவோ தானே வாங்கிட்டு வந்த மாதிரி பூம்பாறை, கவுஞ்சின்னு ஒவ்வொரு ஊரா பைக்ல போயி சொல்லிட்டு வந்த ஆளு. அன்னைக்கு ரெண்டு கையையும் முன்னாடி நீட்டிக்கிட்டு அசையாம உக்காந்துச்சு, நான் பிரிக்க பிரிக்க நீங்க அது கையில சுத்துறீங்க. நடுவுல மூக்கு அரிக்குதுன்னுச்சு. கையை எடுத்தீங்கன்னா கொன்னுருவேன்னு அதட்டிட்டு நீங்களே குனிஞ்சு சொறிஞ்சு விட்டீங்க. அது கண்ணை மூடிக்கிச்சு. மெழுகுவத்தி வெளிச்சத்துல அந்த மூஞ்சியை நான் பாத்தேன். எங்ககூட இருபது வருஷம் இருந்தும் அப்படி ஒரு மூஞ்சியை எங்க யாருக்கும் காட்டினதில்ல. அன்னைக்கு வந்த பொறாமை மதினி, சத்தியமா சொல்றேன், ரொம்ப நாள் போகல.

ஆஸ்பத்திரி வராண்டாவுல உங்களைச் சுத்தி நின்னு அத்தனை பேரும் கேட்டாங்கள்ல, நான் வாயைத் திறக்கல. உங்களுக்கு ரெண்டடி தள்ளித்தான் நின்னேன். அதுக்கு மன்னிப்பு கேக்கத்தான் இதை ஆரம்பிச்சேன். மன்னிச்சிருங்க. ஆனா எனக்கு மட்டும் ஏன் கடைசியா சொன்னீங்க? அண்ணனுக்கு முடியலன்னு ஒரு பூண்டு வியாபாரி சொல்லித்தான் எனக்குத் தெரியும், மலை ஏறுற அந்த பஸ்ஸுல ஒவ்வொரு வளைவுலயும் உங்க நம்பருக்கு அடிச்சுக்கிட்டே வந்தேன். அந்தக் கோவத்தோட வந்து நின்னவளுக்கு உங்களுக்காகப் பேச வாய் எங்க வரும். சாக்குன்னு நினைச்சா நினைச்சுக்கங்க. நீங்களும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கவேண்டியது இருக்கு, அதை நேர்ல பேசுவோம், இங்க வேணாம்.

வேலை எதுல நிக்குதுன்னு சொல்லிடுறேன். நாலு ஊசி, நாப்பது கண்ணி, மணிக்கட்டுக்கு ரெண்டு நேர் ரெண்டு எதிர்னு இறுக்கமா போட்டிருக்கேன், ஸ்வெட்டர் கைக்குள்ள சொருகிக்கலாம், காத்து ஏறாது. கட்டைவிரலுக்கு ஒரு கண்ணில ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் கூட்டிக் கூட்டி பதிமூணு கொண்டு வந்து வேற கலர் நூல்ல கோத்து நிறுத்தியிருக்கேன், ரெண்டு கையும் அப்படியே தொங்குது. கவட்டுல புதுசா நாலு கண்ணி எடுத்துச் சேத்துதான் பின்னுவேன், ஓட்டை வராது, வந்தா நானே பிரிச்சுக்கிறேன், நீங்க கையை வைக்காதீங்க.

உங்க வலது கட்டைவிரல், அந்த மம்பட்டி பட்ட விரல், முட்டியில வீக்கம் அப்படியேதான் இருக்கா? கவட்டுல இருந்து நகத்து நுனி வரைக்கும் நீளம், முட்டிகிட்ட சுத்தளவு, ரெண்டு கைக்கும் தனித்தனியா வேணும். பேச இஷ்டமில்லன்னா பாப்பாவை விட்டு அளந்து வாட்ஸப்ல போடச் சொல்லுங்க. டவர் கிடைக்கலன்னா அளவு நூல்ல முடிச்சுப் போட்டு, வலது எது இடது எதுன்னு எழுதி, காலை பஸ்ல குடுத்து விடுங்க, நான் ஸ்டாண்டுல வந்து வாங்கிக்கிறேன்.