டாங்கியில் எழுத்து சரியாக வரக் கைகொடுத்தவர்களுக்கு

பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்த அன்புள்ள சொல்தா தாத்தாவுக்கும், சைகோன் ஆயாவுக்கும், போர்டு எழுதும் அண்ணனுக்கும் வணக்கம்.

வியட்நாமின் டியன் பியன் பூ போர்க்களத்தைச் சின்ன மாடல்களால் காட்டும் டயோராமா ஒருவழியாக முடிந்தது. 1954 மே 7 அன்று பிரெஞ்சுப் படை அங்கே தோற்றது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று புதுச்சேரி கைமாறியது. அதனால்தான் இந்தப் போரை எடுத்தேன். 1/35 அளவில் பிளாஸ்டிக்கை ஒட்டியதும் பெயின்ட் அடித்ததும் நான். எழுத்தெல்லாம் உங்கள் புண்ணியம்.

தாத்தா, பிரெஞ்சுக்காரர்கள் பத்து சாஃபி டாங்கிகளைக் கழற்றி விமானத்தில் ஏற்றிப்போய், அந்தப் பள்ளத்தாக்கிலேயே மறுபடி பூட்டினார்கள். பசேய், துவோமோன், ரத்திஸ்போன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பெரும்பாலும் பழைய சண்டைகள் நடந்த ஊர்கள். நான் எடுத்தது 'ஸ்மோலென்ஸ்க்'. ரஷ்ய ஊர்தானே, ரஷ்ய எழுத்திலேயே போடு என்று நண்பர்கள் சொன்னார்கள். "நெப்போலியன் சண்டை போட்ட ஊரப்பா அது, எழுதினவன் பிரெஞ்சு சிப்பாய், வேறெப்படி எழுதுவான்?" என்று ஒரே போடாகப் போட்டீர்கள். பெரிய எழுத்தில் மேல்குறியை விட்டுவிடுவது பிரெஞ்சில் சகஜம், அகராதியை வைத்துத் திருத்தாதே, போட்டோவைப் பார் என்றும் சொன்னீர்கள். அது எல்லா மாடலுக்கும் உதவும்.

ஆயா, உங்களுக்குத்தான் அதிகச் சிரமம். பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்ட வியட்மின் படையின் கொடியில் 'க்வியெட் சியென் க்வியெட் தாங்' என்று நான்கே சொற்கள். நான்கிலும் உயிரெழுத்தின் தலையில் இரண்டிரண்டு குறிகள்: ஒன்று அந்த உயிரின் ஒலிக்கு, இன்னொன்று குரல் ஏறுவதற்கு. விலைக்கு வாங்கிய டிகால் தாளில் (மாடலில் ஒட்டும் அச்செழுத்துத் தாள்) ஒன்றுகூட இல்லை; புள்ளியும் கொம்பும் உதிர்ந்த தமிழ் மாதிரி இருந்தது. லென்ஸைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கோடு எங்கே உட்கார வேண்டும், எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று பென்சிலால் போட்டுக் காட்டினீர்கள். இத்தனை சின்னக் கோட்டை யார் பார்க்கப் போகிறார்கள் என்று வீட்டில் கேட்டார்கள். சைகோனிலிருந்து வந்த குடும்பங்கள் இத்தனை இருக்கும் ஊரில் பார்க்க ஆளா இல்லை?

அண்ணே, வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. டாங்கிப் பெயரைக் கையால்தான் எழுத வேண்டியிருந்தது. அச்சு மாதிரி சீராக வந்தால் பொய்யாகத் தெரியும், பிரஷ் இழுத்த தடம் தெரியட்டும் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். காசு வாங்க மறுத்ததுதான் கொஞ்சம் வருத்தம்.

பரங்கிப்பேட்டை ஹஜ்ரத்துக்கும் நன்றி. என்னுடைய எகிப்து மிக் போர் விமான மாடலின் அரபு எண்ணில் வட்டமாக இருப்பது சைபர் அல்ல, ஐந்து. சைபருக்கு வெறும் புள்ளிதான். சொல் வலமிருந்து ஓடும், எண்ணை மட்டும் இடமிருந்து படிக்க வேண்டும். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பிவிட்டார்.

அப்புறம், அடுத்தது சோவியத் டி-34 டாங்கி, அதில் ரஷ்ய எழுத்து. ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்தவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் சொல்லி அனுப்புங்கள். டீ, வடை என் செலவு.

அன்புடன்,
முத்தியால்பேட்டை பிளாஸ்டிக் டாங்கிக்காரன்