அந்த இடது மூலையைப் பார்

அன்புள்ள கலா,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் ஜன்னல் படம் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் கட்டடம் எழுப்ப முடியாத காப்புக்காடு! கொடுத்துவைத்தவள்டி நீ.

ஆனால் படத்தில் இடது மூலையைப் பெரிதாக்கிப் பார். விரிந்த சிறகு மாதிரி வெளிறிய தடம், அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பூஞ்சிறகு. அது அழுக்கில்லை கலா. ஒரு பறவை முழு வேகத்தில் வந்து மோதியிருக்கிறது. புறாவாக இருக்கும்; அதன் இறகில் இப்படித் தூள் படிந்திருக்கும்.

நல்ல வெளிச்சத்தில் வெளியே போய் நின்று பார். அறை இருட்டு, கண்ணாடி முழுக்க மரமும் வானமும். பறவைக்கு அது காட்டின் மிச்சம். எதிர்ச்சுவரிலும் ஜன்னல் இருந்தால் இன்னும் மோசம், ஊடே போய்விடலாம் என்று பாயும்.

கழுகுப் படம் ஒன்று ஒட்டினால் போதும் என்று ராஜி சொல்வாள், கேட்காதே. படம் இல்லாத இடமெல்லாம் வழிதான் அதற்கு. கண்ணாடி முழுக்கப் புள்ளி வேண்டும். குறுக்கிலும் நெடுக்கிலும் இடைவெளி 5 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. புள்ளி 6 மில்லிமீட்டராவது இருக்கட்டும். வெளிப்பக்கம்தான் ஒட்ட வேண்டும். எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான்: உள்ளே ஒட்டினால் கண்ணாடியில் தெரியும் மரப் பிம்பத்துக்குப் பின்னால் புள்ளி மறைந்துபோகும். வெயில் இறங்கியபின் சோப்புத் தண்ணீரில் கழுவி, ரப்பர் பட்டையால் வழித்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டு. ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் ஓரம் கிளம்பிவிடும்.

காட்சி கெடும் என்று முகம் சுளிக்காதே. பார்வை தூரத்து மரத்தில் பதிந்ததும் புள்ளி கரைந்துவிடும். அதற்கும் மனசு வரவில்லையென்றால் வெளிப்பக்கம் கொசுவலை அடி, இழுத்துக் கட்டி, கண்ணாடியிலிருந்து சற்றுத் தள்ளி. கறுப்பு வலையாக வாங்கு. வெள்ளை வலை வெயிலில் பளபளத்துக் காட்டையே மறைக்கும்.

பறவைகளுக்கு வைக்கும் தண்ணீர்க் கிண்ணத்தை இப்போது இருக்கும் இடத்தில் வைக்காதே. கண்ணாடிக்கு 1 மீட்டருக்குள் வை. அங்கிருந்து கிளம்பினால் அடிபடும் அளவுக்கு வேகம் சேராது. இல்லையா, 10 மீட்டர் தள்ளி வை. இரவில் விளக்கு எரியும்போது திரையை இழுத்துவிடு, காட்டுக்கு இருட்டு வேண்டும்.

அப்படியும் ஒன்று மோதி விழுந்தால் தண்ணீர் புகட்டாதே, தடவிக்கொடுக்காதே. காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து உள்ளே விட்டு, மூடி, சத்தமில்லாத இடத்தில் வை. ஒரு மணி நேரம் கழித்து வெளியே கொண்டுபோய்த் திற. பறக்கவில்லையென்றால் உடனே பறவை பார்க்கிற மருத்துவரிடம் போ. எழுந்து நிற்கிறதே என்று நினைக்காதே, மண்டைக்குள் பட்ட அடி வெளியே தெரியாது.

புள்ளி ஒட்டியதும் ஒரு படம் அனுப்பு. உள்ளிருந்து வேண்டாம், வெளியே நின்று எடு.

அன்புடன்,
வசந்தி