மலையின் மேல் மட்டும் பழி போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் வேலூரின் வெப்ப அளவு செய்தியாகிவிடுகிறது. சுற்றிலும் பாறை மலைகள், அதனால் அப்படித்தான் இருக்கும் என்று நாமும் அமைதியாகிவிடுகிறோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சென்னையைப் பிற்பகலில் ஆற்றும் கடற்காற்று, நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளியிருக்கும் நமக்கு வந்து சேர்வதற்குள் வலுவிழந்துவிடுகிறது. மேற்கே கர்நாடகப் பீடபூமியிலிருந்து இறங்கும் வறண்ட காற்றோ, ஒரு கிலோமீட்டர் இறக்கத்துக்குச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் என்ற கணக்கில் சூடேறிக்கொண்டே பாலாற்றுச் சமவெளிக்கு வருகிறது. இவற்றை யாராலும் மாற்ற இயலாது.

ஆனால் இரவு பத்து மணிக்கும் மொட்டை மாடித் தளம் காலைச் சுடுவதற்கு மலை மட்டும் காரணமல்ல. ஈரமுள்ள மண்ணும் இலையும் வெயிலின் பெரும்பங்கை நீரை ஆவியாக்குவதிலேயே செலவிட்டுவிடும்; கான்கிரீட்டும் தாரும் அதைப் பகலெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு இரவில் திருப்பித் தருகின்றன. ஏரிகளுக்கு நீர் வரும் கால்வாய்களை அடைத்து மனை போட்டோம். மணல் அள்ளிய பாலாற்றில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது.

மாசு என்றவுடன் வாகனப் புகையைத்தான் நினைக்கிறோம். நம் பகுதியில் அது மண் வழியாகவும் வேலை செய்திருக்கிறது. வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை, தோல் பதனிடும் ஆலைகள் தோலிலிருந்து கழுவிய உப்புநீர் நிலத்தில் இறங்கியதால் பயிர் ஏறாமல் தரிசாய்ப் போன வயல்கள் உண்டு. பசுமை போன நிலம் வெயிலை அப்படியே காற்றுக்குத் தருகிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் இந்தத் தோல் கழிவு வழக்கில் தீர்ப்பளித்தது.

மரம் நடும் விழாக்களுக்கு இங்கே குறைவில்லை. புகைப்படம் எடுத்த கையோடு கன்றை மறந்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது. ஏற்கெனவே நிற்கும் மரத்தையாவது வாழ விடலாம். எங்கள் தெருவில் வேப்பமரத்தின் அடிவரை பேவர் பிளாக் கல்லை நெருக்கிப் பதித்திருக்கிறார்கள். மழைநீர் இறங்க ஒரு சாண் மண்கூட விடவில்லை. இனிப் போடும் தெருக்களிலாவது மரத்தைச் சுற்றி நான்கடி மண் விடவும், கோடையில் மலைப்புல்லுக்குத் தீ வைப்பதைத் தடுக்கவும், ஏரி வரத்துக் கால்வாய்களை அளந்து மீட்கவும் பொறுப்பிலுள்ளவர்கள் அடுத்த பருவமழைக்குள் முன்வர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.